சலங்கை கட்டும் சனிக்கிழமை

இங்கிலாந்தில் டி.வி. நகைச்சுவை எழுத்தாளர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டால் கைகொடுக்க ஒரு கூட்டம் எப்போதும் தயார்: மாரிஸ் நடனக்காரர்கள். வெள்ளைச் சட்டை, மார்பில் குறுக்குப் பட்டை, பூச்செருகிய தொப்பி, முழங்காலுக்குக் கீழே சலங்கை, இரண்டு கையிலும் கைக்குட்டை. இந்தக் கோலத்தில் தொப்பை விழுந்த நடுத்தர வயதுக்காரர்கள் ஆறு பேர் மதுக்கடை வாசலில் துள்ளிக் குதித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? சிரிப்பவர்களைப் பற்றி அவர்களுக்கும் கவலை இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஆசிரியராக, பிளம்பராக, கம்ப்யூட்டர்காரராகக் காலம் தள்ளுபவர்கள் அவர்கள். ஆட்டம் அவர்களுக்குப் பிழைப்பல்ல, பொழுதுபோக்கு. அதற்கும் மேலாக, நண்பர்களோடு ஊர்விட்டு ஊர் போய் இரண்டு ராத்திரி தங்கிவர ஒரு நல்ல சாக்கு.

சம்பந்தம் எதுவும் இல்லாவிட்டாலும், ஒயிலாட்டத்தையும் கோலாட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. காட்ஸ்வோல்ட் பகுதி வகையில் ஆறு பேர் இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஒரு பாட்டுக்குக் கைக்குட்டை வீச்சு, அடுத்ததற்குக் கம்பு. வேல்ஸ் எல்லையோர வகையில் துணிக் கிழிசல்களைத் தைத்த கோட்டும், கம்புகள் மோதும் சத்தமும்தான் பிரதானம். பஞ்சாலைகள் மிகுந்த வடமேற்கில் மரக்கட்டைச் செருப்புப் போட்டு ஊர்வலமாக ஆடுவார்கள். பக்கவாத்தியம் ஒரு மெலோடியன் அல்லது ஃபிடில். பழமைக்கும் குறைவில்லை. 1448ல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் மாரிஸ் ஆட்டக்காரர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. ஷேக்ஸ்பியர் குழுவின் கோமாளி நடிகராக இருந்த வில் கெம்ப், 1600ல் லண்டனிலிருந்து நார்விச் வரை மாரிஸ் ஆடியே போய்ச் சேர்ந்தார். ஆடிய நாட்கள் ஒன்பது. போனவர், அதைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார்.

இன்றைய குழு ஒவ்வொன்றும் ஒரு சின்ன அரசாங்கம். தலைவருக்கு 'ஸ்க்வயர்' என்று பெயர். ஒரு காலத்தில் பணப் பையைச் சுமந்ததால் 'பேக்மேன்' என்று பெயர் வாங்கியவர், இப்போது கடிதமும் கணக்கும் பார்க்கும் செயலாளர். அடவு சொல்லிக்கொடுப்பவர் 'ஃபோர்மன்'. இவர்கள் போக, யாருக்கும் அடங்காத கோமாளி ஒருவர். குளிர்காலம் முழுவதும் வாரம் ஒரு மாலை ஏதாவது ஒரு கிராம ஹாலில் பயிற்சி. மே முதல் தேதி விடியற்காலையில் குன்றின் மேலோ ஆற்றங்கரையிலோ சூரியன் எழும்போது முதல் ஆட்டம். பிறகு செப்டம்பர் வரை வெளியூர் வாரக் கடைசிகள்.

அந்த வாரக் கடைசிக்கு 'ஏல்' என்று பெயர். ஏல் என்பது ஒரு வகை பீர். பெயரிலேயே விஷயம் அடங்கிவிட்டது. ஒரு குழு மற்ற சில குழுக்களை அழைக்கும். வெள்ளி இரவு ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். படுக்கை பள்ளிக்கூடத் தரையில் அல்லது மைதானத்துக் கூடாரத்தில். சனிக்கிழமை காலை பஸ் பிடித்துக் கிராமம் கிராமமாகப் போவார்கள். மதுக்கடை வாசலில் அரை மணி ஆட்டம், ஒரு குவளை, அடுத்த ஊர். தொப்பியை நீட்டிச் சில்லறை சேர்ப்பதும் உண்டு. அது தர்ம காரியத்துக்கோ குழுவின் செலவுக்கோ போகும். ஆடுபவர் பாக்கெட்டுக்கு எதுவும் போகாது. போக்குவரத்து, சாப்பாடு, சலங்கை எல்லாம் சொந்தக் காசு. இரவில் நீண்ட மேஜைகளில் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். மேடையும் மைக்கும் கிடையாது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இந்தக் கூட்டங்களில் பெயர்பெற்றது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் உள்ள தாக்ஸ்டெட் என்ற சிற்றூரில் நடப்பது. அங்கே பாதிரியாராக இருந்த சோஷலிஸ்ட் கான்ராட் நோயலின் மனைவி மிரியம், 1911ல் ஊர்க்காரர்களை மாரிஸ் ஆட வைத்தார். 1927ல் வெளியூர்க் குழுக்கள் சில முதன்முதலாக வந்து கூடின. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும் அந்தச் சனிக்கிழமை, பகலெல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆடிவிட்டு மாலையில் நூற்றுக்கணக்கானோர் தாக்ஸ்டெட் தெருவில் ஒன்றாக ஆடுவார்கள். இருட்டும் நேரத்தில் கூச்சல் அடங்கும். ஒரே ஒரு ஃபிடில் ஒலிக்க, மான் கொம்புகளைத் தாங்கிய ஆறு பேர் வரிசையாக நடந்து வருவார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஆபட்ஸ் பிராம்லி கிராமத்துக் கொம்பு நடனம் அது. பகலெல்லாம் சிரித்துப் பார்த்த கூட்டம் அப்போது மூச்சுக் காட்டாமல் நிற்கும்.

நண்பர்கள் சேர்ந்து ஆடுவதில் இத்தனை சந்தோஷம் என்றால், அந்த நண்பர்கள் யார் என்ற கேள்வியும் எழாமல் இருக்காது. மாரிஸின் நூறாண்டுக் கதையே அந்தக் கேள்விதான்.

கதை பசியில் தொடங்குகிறது. 1899 டிசம்பர் 26, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஹெடிங்டன். கடும் குளிரில் கட்டட வேலை நின்றுபோயிருந்தது. வழக்கமாகக் கோடை தொடங்கும் சமயத்தில் ஆடும் ஹெடிங்டன் குவாரி குழுவினர், நாலு காசு கிடைக்கட்டும் என்று பனியில் வீடு வீடாக ஆடி வந்தார்கள். ஒரு வீட்டு ஜன்னல் வழியே பார்த்தவர் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர். மறுநாள் அவர் கான்சர்ட்டினா வாசித்த வில்லியம் கிம்பரை வரவழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். கிம்பர் கொத்தனார். சாகும் தருவாயில் இருந்த கலைக்கு மறுபிறவி கொடுத்தது அந்தச் சந்திப்புதான் என்பார்கள்.

பாதி உண்மை. எழுதிக்கொண்ட மெட்டுகள் சில வருஷங்கள் காகிதத்திலேயே கிடந்தன. அவற்றைக் காலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண். லண்டனில் தையல் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்காக எஸ்பெரான்ஸ் கிளப் நடத்திவந்த மேரி நீல், 1905ல் ஷார்ப்பிடம் விசாரித்துவிட்டு, கிம்பரையே நேரில் தேடிப் போய் லண்டனுக்கு அழைத்து வந்தார். நாளெல்லாம் குனிந்து ஊசி பிடித்த பெண்கள் சாயங்காலத்தில் சலங்கை கட்டினார்கள். பிறகு அவர்களே ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்டத்தில் உற்சாகம் முக்கியம் என்றார் நீல். இலக்கணம் முக்கியம் என்றார் ஷார்ப். இருவரும் பிரிந்தார்கள். 1911ல் ஷார்ப் தனிச் சங்கம் கண்டார். போர் வந்ததும் நீலின் கிளப் மூடிப்போயிற்று. ஷார்ப்பின் ஆண்கள் குழுவும் தப்பவில்லை. 1916ல் போர்முனையில் அந்தக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் இறந்தார்கள். இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் அவர்களில் ஒருவர், வயது 31. போருக்குப் பின் கற்றுக்கொடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது.

பெண்கள் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்ற நிலையில், 1934ல் ஆறு குழுக்கள் சேர்ந்து 'மாரிஸ் ரிங்' என்ற கூட்டமைப்பை அமைத்தன. ஆண்கள் குழுக்களுக்கு மட்டும் அனுமதி. ஆதிகாலத்திலிருந்து இது ஆண்கள் ஆட்டம், அது சம்பிரதாயம் என்று காரணம் சொன்னார்கள். சம்பிரதாயம் ஓரளவு உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும். ஆண்கள் தங்களுக்குள் குடித்துப் பாடிக் களிக்கும் இரண்டு நாள் சுகத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? ஒரே மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்குப் புதிதாக ஒரு நாற்காலி போடுவது எப்போதுமே இடைஞ்சல்தான்.

பெண்கள் காத்திருக்கவில்லை. 1975ல் தனிக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். பின்னர் அது ஆண், பெண், கலப்புக் குழுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 'மாரிஸ் ஃபெடரேஷன்' ஆயிற்று. 1979ல் 'ஓப்பன் மாரிஸ்' என்று மூன்றாவது அமைப்பும் வந்தது. அந்தப் பக்கம் கதவு திறந்திருக்க, ரிங்கின் மேஜையில் தலைகள் நரைத்துக்கொண்டிருந்தன. 2009 ஜனவரியில் ரிங்கே அபாயச் சங்கு ஊதியது: இளைஞர்கள் வராவிட்டால் இருபது வருஷத்தில் மாரிஸ் அழிந்துவிடும். இளைஞர்களுக்குத் தங்கள் பண்பாட்டில் ஆட வெட்கம் என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆடத் தயாராக இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் கதவு சாத்தியதை அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை.

2018ல் ரிங் வழிவிட்டது. யாரைச் சேர்ப்பது என்பதை அந்தந்தக் குழுவே முடிவு செய்யலாம் என்றாயிற்று. இரண்டு வருஷத்தில் இன்னொரு சோதனை. எல்லையோர வகையில் முகத்தில் கரி பூசி ஆடும் வழக்கம் இருந்தது. பிச்சையெடுப்பது குற்றமாக இருந்த காலத்தில் அடையாளம் தெரியாமலிருக்கப் பூசினார்கள் என்பது ஒரு கட்சி. கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக் கூத்துகளின் மிச்சம் என்பது எதிர்க்கட்சி. காரணம் எதுவானாலும், பார்க்கும் கறுப்பினக் குழந்தைக்கு அது எப்படி இருக்கும்? 2020ல் மூன்று கூட்டமைப்புகளும் சேர்ந்து முழுமுகக் கரிப் பூச்சை நிறுத்தச் சொல்லிவிட்டன. பல குழுக்கள் நீலத்துக்கும் பச்சைக்கும் மாறின. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். சம்பிரதாயம் போயிற்று என்றார்கள். ஆட்டம் போகவில்லை.

போகவில்லை என்பது மட்டுமல்ல. 2023ல் பிரிட்டிஷ் இசையுலகின் பெரிய விழாவான பிரிட் விருது மேடையில் 'வெட் லெக்' ராக் குழுவோடு ஸ்ட்ரௌட் நகரத்து 'பாஸ் மாரிஸ்' ஆடியது. அத்தனை பேரும் பெண்கள். விசித்திரமான வேஷங்களும், கிராமத்து அடவுகளும். இன்று மாரிஸ் ஆடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். 2009ல் கணித்த ஆயுள் முடிய இன்னும் சில வருஷங்கள்தான் பாக்கி. அழிவதற்கான அறிகுறியைத்தான் காணோம்.

தொழிலாக ஆடுபவர் பணத்துக்காகத் தொடர்வார். கோவிலுக்கு ஆடுபவர் நேர்த்திக்காகத் தொடர்வார். பொழுதுபோக்குக்கு ஆடுபவரைக் குளிர்கால இரவில் வீட்டைவிட்டுக் கிளப்புவது, அங்கே தனக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒன்றுதான். பசிக்காக ஆடிய கொத்தனார்களின் ஆட்டத்தை ஒரு நூற்றாண்டுக் காலம் காப்பாற்றியது அரசாங்க மானியம் அல்ல, இந்தத் தோழமை. அதைச் சாகவிடப் பார்த்ததும் அதே தோழமைதான், தனக்குள்ளேயே திருப்தியடைந்து கதவைச் சாத்திக்கொண்டபோது.

சங்கீத சபா, பஜனை மடம், சனிக்கிழமைச் சீட்டுக் கச்சேரி என்று நம்மிடமும் இப்படிப்பட்ட வட்டங்கள் நிறைய. இளைஞர்கள் வருவதில்லை என்ற புலம்பலும் அங்கெல்லாம் உண்டு. புலம்புவதற்கு முன், வந்தவர்களில் யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.