‘பார்த்துக் கொடுப்பாங்க’ என்பது ஒரு விலையா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் காலனிகளில் வீடியோ எடிட்டிங் செய்யும் நம் தம்பி தங்கைகளிடம் கேட்டோம்: “ஒரு கல்யாண வீடியோவுக்கு எவ்வளவு வாங்குறீங்க?” பெரும்பாலும் வந்த பதில் ஒன்றுதான். “அவங்க பார்த்துக் கொடுப்பாங்க தோழர்.”

இதே பதிலை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். களத்துமேட்டில் துண்டை ஏந்தி நின்ற நம் தாத்தா சொன்னது இதுதான். சாவு வீட்டில் விடிய விடிய பறையடித்துவிட்டு வாசலுக்கு வெளியே காத்து நின்றவர் சொன்னதும் இதுதான். வேலை நம்முடையது, மரக்கால் ஆண்டையுடையது. கூலியை அவர் அளந்தால் அது கூலியாக இருக்காது, தயவாகத்தான் இருக்கும். தயவு வாங்கியவன் அடுத்த நாள் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும்.

அளவை நாமே சொல்லத் துணிந்தபோது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். நெல் கூலியைக் கூட்டிக் கேட்டதும், அதைச் சங்கமாகச் சேர்ந்து கேட்டதும்தான் அவர்கள் செய்த குற்றம். நம் புதுச்சேரியிலேயே 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை பிரெஞ்சு இந்தியாவில் சட்டமானது அதன் பிறகுதான். அப்படி வந்த எட்டு மணி நேரத்தை, இரவு இரண்டு மணிக்கு “தம்பி, இன்னும் ஒரு சின்ன கரெக்‌ஷன்” என்று வரும் வாட்ஸ்அப்புக்கு நாம் விட்டுக்கொடுக்கிறோம்.

நிலைமையை நேராகச் சொல்வோம். ஊர்த் தெரு ஸ்டுடியோக்காரர் கல்யாண வீட்டில் பேசும் தொகை ஒன்று, காலனிப் பையனுக்குத் தருவது வேறொன்று. ஆல்பத்தில் அவர் பெயர் இருக்கும், நம் பெயர் எங்கும் இருக்காது. கேட்டால், “உனக்குத் தொழில் கத்துக் கொடுத்ததே பெரிசு” என்பார். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ‘ஆண்ட பரம்பரை’ என்று மீசை முறுக்கும் பிறந்தநாள் ரீல்ஸ்களையும் நம் பிள்ளைகளே ஓசியில் வெட்டிக் கொடுக்கிறார்கள். மறுத்தால் ஊருக்குள் பகை வரும் என்ற பயம். விலை சொல்லத் தெரியாதவனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லவும் வராது.

1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்புதான். வறுமையின் நெருக்கடியும் கட்டாயம்தான். வீட்டிலிருந்து எடிட் செய்பவருக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். ஆனால் அதன் நியாயம் நமக்கும் சேர்ந்ததுதான்.

சரி, கணக்குப் போடுவோம். கம்ப்யூட்டர் 90,000 ரூபாய், மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 2,500. கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர், ஹார்ட் டிஸ்க் சேர்த்து 4,500. வீட்டுக்கு 25,000 வேண்டும். மொத்தம் 32,000. மாதத்தில் காசு வரும் வேலைநாள் 16 என்று கொள்ளுங்கள். மீதி நாள் வேலை தேடவும், காப்பி எடுக்கவும், பாக்கி கேட்டு அலையவும் போய்விடும். அப்படியானால் ஒரு நாள் விலை 2,000. நான்கு நாள் பிடிக்கும் கல்யாணத்துக்கு 8,000.

அதையே 2,500-க்கு ஒத்துக்கொண்டால் நாளுக்கு 625. அதில் செலவு மட்டும் 437. கையில் நிற்பது 190 ரூபாய்கூட இல்லை. நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் கூலியே இதைவிட அதிகம். நிமிடக் கணக்கில் விலை பேசுவதும் பொறிதான். மூன்று நிமிட ஹைலைட்ஸ் மூன்று நாளைத் தின்றுவிடும். உங்கள் செலவை எழுதி, உங்கள் நாள் விலையை நீங்களே கண்டுபிடியுங்கள்.

அடுத்தது பில். எண், தேதி, இருவர் பெயர், என்ன வேலை, எத்தனை நாள், என்ன விலை, எந்தத் தேதிக்குள் பணம் என்ற விவரங்களோடு ஒரே பக்கம் போதும். பாதி அட்வான்ஸ் வராமல் புராஜெக்டைத் திறக்காதீர்கள். இரண்டு கரெக்‌ஷன் விலைக்குள் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் காசு என்று முதலிலேயே எழுதுங்கள். மீதிப் பணம் வரும்வரை வாட்டர்மார்க் போட்ட பிரதியைத்தான் அனுப்ப வேண்டும்.

ஜிஎஸ்டி எண் இல்லாமல் பில் செல்லாது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைத் தொழிலுக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆதாரும் பானும் இருந்தால் உத்யம் பதிவைக் கட்டணமின்றிச் செய்யலாம். வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு நிறுவனச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும். அதனால்தான் பில்.

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ஏப்ரல் 14 வந்தால் நாமும் இதே பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறோம். “இயக்கத்துக்குத்தானே தோழர்” என்று இரண்டு இரவு உட்கார வைக்கிறோம். மேடைக்கும் மைக் செட்டுக்கும் காசு எண்ணிக் கொடுக்கிறோம், எடிட்டருக்கு மட்டும் டீ. கூலி கேட்டு உயிர்விட்டவர்களின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இப்படிச் செய்ய நமக்கு என்ன உரிமை? இனி இயக்க வேலைக்கும் பில் எழுதுங்கள். 4,000 என்று போட்டு, கீழே ‘என் நன்கொடை 4,000, தர வேண்டியது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முடியாதவர்கள் தர வேண்டிய தொகையை எழுதுங்கள், நாங்கள் தருகிறோம். மனமுவந்து கொடுத்தால்தான் நன்கொடை. சொல்லாமல் பிடுங்கினால் அது வெட்டி வேலை.

கடைசியாக ஒன்று. தனியாக விலை சொன்னால் அடுத்த காலனிப் பையனைக் காட்டிக் குறைப்பார்கள். பாகூரும் வில்லியனூரும் உட்கார்ந்து பேசி, இதற்குக் கீழே யாரும் போவதில்லை என்று ஒரு நாள் விலையை முடிவு செய்யட்டும். மரக்கால் இனி நம் கையில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.