349 ரூபாய் ‘நேச்சுரல்’ ரோல்-ஆனா, 20 ரூபாய் படிகாரமா?



போன வீடியோவுல என் மாசச் செலவு நோட்டைக் காட்டினேன் இல்லையா, அதுல ‘டியோ – 349’னு ஒரு வரி இருந்தது. இப்போ அந்த வரி நோட்டுல இல்லை. ஏன்னு சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் கொட்டச்சேடு. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் இறங்குற மலைப்பாதையில, காபித் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற ஊர். அந்தக் குளிர்ல டியோடரண்ட் பத்தி யோசிச்சதே இல்லை. சேலத்துல ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, முதல் மே மாசம், மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். “கஸ்டமர் பக்கத்துல நிக்கிறீங்க, கொஞ்சம் பார்த்துக்கோங்க.” அவ்வளவுதான் சொன்னார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. மறுநாள் 220 ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ரே வாங்கினேன். அப்புறம் மாசம் ஒண்ணு.

சில வருஷம் கழிச்சு, அலுமினியம் இருக்கிற டியோ ஆபத்துன்னு ஒரு விளம்பரம் பார்த்தேன். உடனே 349 ரூபாய் ‘நேச்சுரல்’ ரோல்-ஆனுக்கு மாறினேன். முதல்ல நாத்தம் பத்தின பயம், அடுத்து கெமிக்கல் பத்தின பயம். பயம்தான் மாறுச்சு, பில் குறையலை.

இது புது வித்தையும் இல்லை. அமெரிக்காவுல ‘ஓடொரோனோ’னு ஒரு வியர்வை மருந்து. 1919-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில், ‘உங்க மேல வாடை அடிக்கலாம், உங்களுக்கே அது தெரியாது’ங்கிற மாதிரி விளம்பரம் போட்டாங்க. கோபத்துல சுமார் 200 வாசகர்கள் சந்தாவையே நிறுத்தினாங்க. ஆனா அடுத்த வருஷம் விற்பனை இரண்டு மடங்கைத் தாண்டியது!

சரி, விஷயத்துக்கு வருவோம். புது வியர்வைக்குப் பெரிசா வாடை கிடையாது. அக்குள்ல இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாத்தம் வரும். டியோடரண்ட் அந்த வாடையைக் குறைக்கும் இல்லைன்னா மறைக்கும். ஆன்டிபர்ஸ்பிரன்ட்ல இருக்கிற அலுமினிய உப்பு, வியர்வைத் துவாரத்தைத் தற்காலிகமா அடைச்சு வியர்வையையே குறைக்கும். இதனால மார்பகப் புற்றுநோய் வரும்னு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை.

நான் மூணு விஷயம் முயற்சி பண்ணினேன்.

1. சமையல் சோடா + தேங்காய் எண்ணெய்: செலவு கம்மி, வாடையும் நின்னுச்சு. ஆனா சில நாள்ல அக்குள் சிவந்து எரிய ஆரம்பிச்சது. நம்ம தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோடா காரம். எனக்கு ஒத்துவரலை, சட்டையிலும் எண்ணெய்க் கறை.

2. பூலாங்கிழங்கு, வெட்டிவேர் போட்ட குளியல் பொடி: அம்மா காலத்துப் பழக்கம். குளிச்சதும் அருமையா இருக்கும். ஆனா சேலம் வெயில்ல மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கலை.

3. படிகாரம்: சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தேய்ப்பாங்களே, அதே கட்டிதான். நாட்டு மருந்துக் கடையில 20 ரூபாய்க்கு வாங்கினேன். குளிச்சதும் கட்டியை நனைச்சு, அக்குள்ல நாலு தடவை தேய்ச்சு, காய விட்டுட்டுச் சட்டை போடணும். நாலு மாசம் ஆச்சு, பாதிக் கட்டி இன்னும் இருக்கு. வியர்வை நிக்காது, சட்டை நனையும். ஆனா சாயந்திரம் கடை மூடுற வரைக்கும் நாத்தம் இல்லை.

இதுல ஒரு வேடிக்கை. படிகாரம்ங்கிறதே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். அதனால படிகாரக் கட்டியை ‘அலுமினியம் இல்லாதது’ன்னு யாராவது அதிக விலைக்கு வித்தா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இப்போ கணக்கு:

- ஸ்ப்ரே: மாசம் 220, வருஷம் 2,640 ரூபாய்.
- ‘நேச்சுரல்’ ரோல்-ஆன்: 5 வாரத்துக்கு ஒண்ணு, வருஷம் 3,500 ரூபாய்க்கு மேல.
- படிகாரம்: வருஷம் அதிகபட்சம் 40 ரூபாய்.

மிச்சமாகிற காசை எஸ்.ஐ.பி.யில போட்டா கோடீஸ்வரன் ஆகிடலாம்னு நான் கதை விட மாட்டேன். வருஷம் மூவாயிரத்துச் சொச்சம், அவ்வளவுதான். ஆனா ஜவுளிக்கடைச் சம்பளத்துல அது ஒரு மாச மளிகைச் செலவு.

சில எச்சரிக்கை: ஷேவ் பண்ணின உடனேயோ, காயம் இருந்தாலோ படிகாரம் தேய்க்காதீங்க, எரியும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் பயன்படுத்துங்க. சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை நனையுற அளவுக்கு வியர்த்தாலும், திடீர்னு உடம்பு வாடை மாறினாலும் டாக்டரைப் பாருங்க. அங்க காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆன்டிபர்ஸ்பிரன்ட் உங்களுக்கு ஒத்துக்குது, பட்ஜெட்டிலும் அடங்குதுன்னா தாராளமா வெச்சுக்கோங்க, தப்பே இல்லை.

நான் சொல்ல வர்றது இதுதான். ‘நேச்சுரல்’ங்கிற வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. ஒரு பொருளை எடுக்கும்போது, “இது எனக்குத் தேவையா, இல்லை யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்து வாங்குறேனா?”ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்த மேனேஜர் சொன்னது நியாயம்தான். அதுக்கான பதில் 20 ரூபாய்க்குக் கிடைச்சிருக்கும். பயத்துல நான் அதைத் தேடவே இல்லை.

இந்த மாசம் உங்க நோட்டுல பயத்துக்காக எழுதின ஒரு வரியைக் கண்டுபிடிச்சு அடிச்சுடுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!