தலைமாட்டில் வைக்க ஒரு கதை

மருத்துவமனையில் சில நாள்கள் தங்க நேரும் பெண்ணுக்கு என்ன நூல் வாங்கிக் கொடுக்கலாம் என்று உறவினர்கள் சில வேளை என்னைக் கேட்பதுண்டு. பழம் கொடுக்கலாமா, இளநீர் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு நடுவே அபூர்வமாக வரும் கேள்வி அது. ஆகையால் எனக்கு உவப்பானதும்கூட. (சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மருத்துவரைக் கேளாமல் இளநீர் கொடுக்க வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் பொட்டாசியம் மிகுதி.)

உறவினர்கள் கொண்டுவரும் நூல்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று பக்தி நூல்கள். அவை அவரவர் நம்பிக்கையைச் சார்ந்தவை. மருத்துவர் தலையிட அங்கே இடமில்லை. மற்றொன்று, எல்லாத் துன்பத்தையும் வாய் திறவாமல் சகித்து உயர்ந்த உத்தமிகளின் கதைகள். இந்த இரண்டாம் வகையை நோயுற்ற பெண்ணின் தலைமாட்டில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. துன்பத்தின் நடுவிலும் வேறொரு நிலையைக் கற்பனை செய்து, அதை வாய்விட்டுச் சொல்லவும் துணிந்த பெண்களின் கதைகளைக் கொடுங்கள். அவற்றைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பருத்தியும் உளுந்தும் விளையும் நம் கரிசல் காட்டிலேயே அவையும் விளைந்திருக்கின்றன.

இலக்கியத்தில் மருத்துவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 53 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு 12க்குக் குறையக் கூடாது. 6 அல்லது 7 என்ற அளவோடு, காலில் வீக்கமும் நடந்தால் மூச்சிரைப்புமாக வந்து சேரும் தாய்மாரைப் பார்க்காத பொதுமருத்துவர் எவரும் இப்பகுதியில் இருக்க மாட்டார். இந்த நிலைக்கு ஒருவர் ஒரே வாரத்தில் வந்துவிடுவதில்லை. மாதந்தோறும் மிகுதியாகும் உதிரப்போக்கு, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம், வயிற்றில் கொக்கிப்புழு எனப் பல காரணங்கள் சேர்ந்து, இரத்தம் மெல்ல மெல்லக் குறைகிறது. இதயம் விரைந்து துடித்து அக்குறையை ஈடுகட்டுகிறது. உடலும் அதற்குப் பழகிவிடுகிறது. களைப்பே இயல்பு என்று அப்பெண் எண்ணத் தொடங்குகிறாள். கேட்டால், “சரியாப் போகும்னு பொறுத்துப் பார்த்தேன்” என்பாள். மார்பில் கட்டியோடு வருபவரும், மூன்று மாத இருமலோடு வருபவரும் சொல்வது ஏறத்தாழ இதே வாக்கியம்தான். பொறுமையை நாம் நற்குணமாகப் போற்றுகிறோம். என் மேசைக்கு அது நோயின் முற்றிய நிலையாக வந்து சேர்கிறது.

இதனால்தான் பெண்களுக்கு நாம் சொல்லும் கதைகளைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. நம் பக்கத்தில் நெடுங்காலம் பாடப்பட்ட கதை நல்லதங்காள் கதை. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சத்தில் பிள்ளைகள் எழுவரோடு அண்ணன் வீட்டைத் தேடி வந்தவள், அண்ணி மூளி அலங்காரியின் கொடுமையால் மனம் உடைந்து, பிள்ளைகளோடு தன் உயிரையும் முடித்துக்கொண்டாள் என்பது கதை. பஞ்சம் பெண்ணின்மேல் எப்படி இறங்கியது என்பதற்கு அது ஓர் ஆவணம். அந்த அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் மானமுள்ள பெண்ணுக்கு அது ஒன்றே வழி என்பது போன்ற பெருமிதம் அப்பாட்டைக் கேட்போர் மனத்தில் படிந்துவிடுகிறது. அந்தப் பெருமிதம் கதையோடு நிற்பதில்லை என்பதை அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எவரும் அறிவர். அத்தகைய எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ எழுந்தால் எங்களிடம் கூறுங்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

இதே வறுமையிலிருந்து, இதே மண்ணிலிருந்து, இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் பிறந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சாலையை ஒட்டிய இடைசெவலில், 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சில நாள் இடைவெளியில் இரு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. அழகிரிசாமி 1970இல், 47 வயது நிறைவதற்குள் மறைந்துவிட்டார். அவர் எழுதிய ‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற சிறுகதையைப் படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். ஒரு முறை இரத்தம் ஏற்றி முடிவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

ஏழை வீடு, மறுநாள் தீபாவளி. மங்கம்மாள் என்ற சிறுமியும் அவள் உடன்பிறந்தாரும் பக்கத்துப் பணக்கார வீட்டுப் பையனோடு விளையாட்டில் போட்டியிடுகிறார்கள். அவன் எதைச் சொன்னாலும் அதற்கு ஈடாக இவர்களிடமும் ஒன்று இருக்க வேண்டும். இல்லாததைக் கற்பனையால் உண்டாக்கிக்கொள்வதுதான் அக்குழந்தைகளின் செல்வம். அன்றிரவு தாயும் தகப்பனும் இல்லாத, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஒரு சிறுவன் அவ்வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனை உள்ளே அழைத்துக்கொள்கிறாள். விடியலில் தன் பிள்ளைகளைப் போலவே அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அவனுக்கு உடுத்தப் புதுத்துணி இல்லை; கணவனுக்கென்று வாங்கிவைத்த துண்டு அவனுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுப் பையன், தன் அக்காளை மணந்த ஜமீன் மாப்பிள்ளையைக் கருதி, எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை பேசுகிறான். மங்கம்மாள் சற்றும் தயங்காமல், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகப் பதில் சொல்கிறாள்.

(சிரங்கு தொற்றும் நோய் என்பதால் அவ்வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து பூசியிருக்க வேண்டும் என்று என் மனம் ஒவ்வொரு முறையும் குறுக்கிடுகிறது. தொழில் பழக்கம் எளிதில் போவதில்லை.)

அந்தச் சிறுமி பொய் சொல்லவில்லை. தன் வறுமையை மறைக்கவுமில்லை, சகித்துக்கொள்ளவுமில்லை. இருப்பதை வைத்துக்கொண்டே எதிராளிக்குச் சமமாக நிற்கிறாள். நல்லதங்காள் கதையில் இல்லாமை கதவை அடைக்கிறது. இங்கே அதே இல்லாமை இன்னொரு பிள்ளைக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. ஆறு பக்க மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, செலவை எண்ணி அஞ்சிக் கிடக்கும் தாய்க்கு இவற்றில் எதைப் படித்துக் காட்டுவீர்கள்?

மங்கம்மாளின் வயதொத்த சிறுமியர் பலருக்கு விளையாட நேரமே இல்லாத காலமும் இங்கே இருந்தது. விடியுமுன்னே ஊர் ஊராக வந்து சிறுமியரை ஏற்றிச் சென்ற தீப்பெட்டி ஆலை வண்டிகளை நினைவில் வைத்திருக்கும் பெண்கள், இன்று ஐம்பதைக் கடந்து நம் புறநோயாளர் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பள்ளிப்பருவத்தைக் கழித்தவர்கள் அவர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். கோவில்பட்டி எழுத்தாளர் பூமணி அச்சிறாரின் வாழ்வைக் ‘கருவேலம் பூக்கள்’ என்ற திரைப்படமாக எடுத்தார். ராஜம் கிருஷ்ணன் ‘கூட்டுக்குஞ்சுகள்’ என்ற நாவலை எழுதினார். அதே ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களை நேரில் கண்டு எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. அதில் பொன்னாச்சி என்ற பெண் உப்பளத்துக்குக் கூலிக்குச் செல்கிறாள். கண்ணைக் கூசவைக்கும் வெயிலும், காலைப் புண்ணாக்கும் உப்பும், மேலாள்களின் தகாத பார்வையும் அங்கே காத்திருக்கின்றன. உப்பளத் தொழிலாளர்களின் கண்ணையும் பாதத்தையும் பரிசோதிக்கும் மருத்துவ மாணவர்களுக்கு அந்நாவலைப் பாடமாகவே வைக்கலாம்.

ராஜம் கிருஷ்ணனின் வாழ்வும் ஒரு கதைதான். பதினைந்து வயதில் திருமணம். அதன்பின் முறையான கல்வி இல்லை. தாமே படித்து, தாமே ஊர் ஊராகச் சென்று கேட்டறிந்து எழுதினார். 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். முதுமையில் கணவரை இழந்து, உடல்நலமும் குன்றி, பிறர் பராமரிப்பில் வாழ நேர்ந்தது. 2009இல், அவர் உயிரோடிருக்கும்போதே, தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. நாட்டுடைமை என்பதால் அவற்றை எவரும் பதிப்பிக்கலாம். இணையத்தில் விலையின்றியும் படிக்கலாம். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பது கண்புரை உள்ளவர்களுக்கு ஒரு வசதி.

நான்கு சுவருக்குள் அடைபட்டிருப்பதன் வேதனையை நீண்ட நாள் உள்நோயாளியாக இருந்தவர்கள் அறிவார்கள். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவின் படிப்பு, அவர் பருவமடைந்ததும் நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஆண்டுகளில், மளிகைப் பொட்டலம் சுற்றிவந்த தாள்களைக்கூட விடாமல் வாசித்தார். திருமணத்துக்குப் பின், வீட்டார் அறியாதபடி இரவில் கழிப்பறையில் நின்று எழுதினார். புனைபெயரில் கவிதைகளை வெளியே அனுப்பினார். பின்னாளில் பேரூராட்சித் தலைவராகவும் ஆனார். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. வத்திராயிருப்புப் பக்கம் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. துறவற மடத்தைவிட்டு வெளியேறித் திக்கற்று நின்ற காலத்தில், மனக்காயம் ஆறுவதற்காக எழுதத் தொடங்கியது அந்நூல். வலியைச் சொல்லில் வைத்தபின் அது சற்று இறங்குகிறது என்பதை அவர் தம் அனுபவமாகவே கூறியிருக்கிறார். வலி எங்கே, எப்போது, எப்படி என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பதும் ஒரு வகையில் அதற்காகத்தான்.

உடனிருப்போருக்கென்று ஒரு கதையைத் தனியே பரிந்துரைக்கிறேன். கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’. நாச்சியாரம்மா என்ற பெண் கன்னிப்பருவத்தில் வாரி வழங்கும் கையுடையவள். வீட்டாருக்கும் வேலைக்காரருக்கும் அவள் ஓர் அன்னபூரணி. திருமணமாகிச் சில ஆண்டுகளில் அவளே காசுக்குக் கணக்குப் பார்ப்பவளாக மாறிவிடுகிறாள். கணவன் காய்ச்சலில் கிடக்கும்போதும் அவள் பேச்சு கணக்கைப் பற்றியதாகவே இருக்கிறது. இக்கதையைப் படித்தோர் பலரும் அவளைக் குறைகூறுகிறார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஒரு வீட்டின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்த பெண்ணின் கருணை வற்றிப்போனதைத்தான் நான் அங்கே காண்கிறேன். மாமியாரின் படுக்கையருகே மூன்று வாரம் உறங்காமல் இருந்த மருமகள் ஒரு நாள் எரிந்து விழுந்தால், அவளைக் கடிந்துகொள்ளும் ஆண்மக்கள் அன்றிரவு அந்த நாற்காலியில் தாம் அமர்ந்து, அவளை வீட்டுக்கு அனுப்பி உறங்க வைக்கட்டும்.

எழுத்தறியாத பாட்டிமாருக்கு நூலால் என்ன பயன் என்று எண்ண வேண்டாம். 1976இல் வெளியான ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெலுங்கு நாட்டிலிருந்து ஒரு குலமே பெயர்ந்துவந்த வரலாறு முழுவதும், நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாகத்தான் வருகிறது. ஆட்சியாளன் ஒருவனிடமிருந்து சென்னாதேவி என்ற பெண்ணைக் காப்பாற்ற, வீடு வாசலை விட்டு நடந்தவர்களின் கதை அது. உடல் ஒடுங்கிய முதியவளைச் சுற்றி வீட்டார் அமர்ந்து கேட்கிறார்கள். அந்நேரம் அவள் எவர் தயவிலும் கிடக்கும் கிழவி அல்லள். அவ்வீட்டில் அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் அப்படி ஒன்று இருக்கும். டயாலிசிஸ் ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அவர் சிறுமியாக இருந்தபோது கண்ட மழையையும் பஞ்சத்தையும் கேட்கலாம். மூச்சிரைப்பு உள்ளவர்களை மட்டும் நெடுநேரம் பேச வைக்காதீர்கள். அவர்களுக்கு நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

நூல் கொண்டுவருவோர் சில நடைமுறைகளைக் கருத்தில் கொள்ளவும். மெல்லிய நூலாக இருக்கட்டும். ஊசி ஏறிய கையால் தடித்த நூலைப் பிடிக்க இயலாது. நாவலைவிடச் சிறுகதை நல்லது. காய்ச்சலும் மருந்தும் கவனத்தைக் குலைக்கும் என்பதால், முடித்தாயா என்று கேட்காதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை எதையாவது படித்துக்காட்ட ஆள் இருந்தால் மிகவும் நன்று.

இன்னொன்றும் உண்டு. தாய் படுக்கையில் விழுந்ததும் பள்ளியிலிருந்து முதலில் நிறுத்தப்படுவது மகள்தான். மகனுக்குப் பரீட்சை இருக்கிறது என்பார்கள். மகளுக்கும் அதே பரீட்சைதான். வேறு வழியின்றி அவளே உடனிருக்க நேர்ந்தால், அவளுடைய பாடநூல்களையும் பையில் எடுத்துவாருங்கள். எத்தனை நாள் தாயோடு இங்கே இருந்தாள் என்பதற்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் எழுத்தில் சான்று கேட்டுப் பெற்று, பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வீடு திரும்பும் நாளின் பரபரப்பில் இது மறந்துபோகும். முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.