சென்சரின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

முதல் வகை நீரிழிவுக்கு ஆளான குழந்தையின் உடல் இன்சுலினைச் சுரப்பதில்லை. உணவுக்கு முன்பும் பின்பும், நள்ளிரவிலும்கூட விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். இந்த வேதனையைப் பெருமளவு குறைத்திருப்பது தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவி. மேற்கையில் ஒட்டப்படும் நாணய அளவுள்ள சென்சர், தோலுக்கடியில் நுழைந்திருக்கும் மெல்லிய இழையின் மூலம் அளவைக் கணித்துக் கைபேசிக்கு அனுப்புகிறது.

இந்தியச் சந்தையில் பரவலாக விற்கும் சென்சரின் ஆயுள் இரண்டு வாரம். விலை நான்கைந்து ஆயிரம் ரூபாய். ஆண்டுக்கு 26 சென்சர் என்றால் லட்சம் ரூபாய்க்கு மேல். கொல்லத்து முந்திரித் தொழிலாளியின் குடும்பம் இதை எங்கிருந்து கொண்டுவரும்? ஆகவே மாதத்துக்கு ஒன்று வாங்கி, மீதி இரண்டு வாரம் விரலைக் குத்திக்கொள்ள வேண்டியதாகிறது. ஒரே சென்சரைக் கூடுதல் நாட்கள் ஓட்டவும் நோயாளிகள் முயல்கின்றனர். டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஜி6 மாதிரியை மறுதொடக்கம் செய்யும் வழியை நோயாளிகளே கண்டறிந்தார்கள். அடுத்து வந்த ஜி7 மாதிரியில் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது.

காலக்கெடு முழுவதும் மோசடி என்று கூற முடியாது. இழையில் பூசப்பட்ட நொதி நாளடைவில் வலுவிழக்கும். உடலும் இழையைச் சுற்றித் திசுவை வளர்க்கும். தவறான அளவை நம்பி இன்சுலின் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பத்து நாள் என்பது இயற்கை விதியும் அல்ல. அதே ஜி7-இன் 15 நாள் வடிவத்துக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் பதிக்கப்படும் எவர்சென்ஸ் சென்சர் ஓராண்டு உழைக்கிறது. நீண்ட ஆயுள் சாத்தியமே. அது எப்போது, யாருக்கு, என்ன விலையில் என்பதை ஏகபோக நிறுவனங்களின் லாபக் கணக்கு முடிவு செய்கிறது.

திருவனந்தபுரத்தின் பூஜப்புராவுக்கு இந்த விவாதத்தில் தனி இடம் உண்டு. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் தொடங்கப்பட்ட ‘மிட்டாயி’ திட்டத்தை நடத்தும் கேரள சமூகப் பாதுகாப்பு இயக்கம் அங்கேதான் உள்ளது. முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு இன்சுலின் பேனா, பம்ப், தொடர் கண்காணிப்புக் கருவி ஆகியவற்றை வழங்கும் திட்டம் அது. ஆனால் அரசு வாங்கினாலும் பணம் போய்ச் சேர்வது அதே நிறுவனங்களுக்குத்தானே!

ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் பூஜப்புராவில்தான் இயங்குகிறது. டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் அங்கு உருவான செயற்கை இதய வால்வு முதல் மூன்று மாதிரிகளில் தோற்று, நான்காவதில் வென்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வை எண்ணியும் பார்க்க முடியாத ஏழைகள் அதனால் பிழைத்தார்கள். இரத்தப் பையும் அங்கே பிறந்ததே. (அதைத் தயாரித்த நிறுவனம் பின்னர் ஜப்பானின் டெருமோ கைக்குப் போனதையும் மறந்துவிடக் கூடாது.) வால்வுக்குக் காட்டிய அதே பொறுமையும் நிதியும் சென்சருக்குக் கிடைக்க வேண்டும்.

உற்பத்திக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. பொதுத்துறையான எச்.எல்.எல். லைஃப்கேரின் தலைமையகமும் பூஜப்புராவே. ஒன்றிய பாஜக அரசோ 2021 டிசம்பரில் அதன் பங்குகள் முழுவதையும் விற்க விருப்பம் கோரியது. மாநில அரசு வாங்க முன்வந்தபோது, ஏலத்தில் பங்கேற்கவே அனுமதி மறுத்தது.

விலைக்கட்டுப்பாடும் ஆகாத காரியமல்ல. லட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என உச்ச விலை விதிக்கப்பட்டது. சில உயர்ரக ஸ்டென்ட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நிறுவனங்கள் அனுமதி கேட்டுப் பார்த்தன. இதய சிகிச்சை நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் செயற்கை மூட்டுக்கும் உச்ச விலை வந்தது. சென்சரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அது எத்தனை நாள் நம்பத்தக்க அளவைக் காட்டுகிறது என்பதை ஸ்ரீ சித்திரா போன்ற பொது நிறுவனம் சோதித்து முடிவை வெளியிட வேண்டும், எச்.எல்.எல். விற்பனை முயற்சியை ஒன்றிய அரசு வெளிப்படையாகக் கைவிட வேண்டும்.