விழுந்த பல்லும் முதல் அரைமணியும்

மும்பையின் துறைமுக இரயில் பாதையில் செம்பூரையும் கோவண்டியையும் அடுத்துள்ளது மான்குர்த். அங்குப் பள்ளி முற்றத்தில் ஓடியாடும் சிறுவன் ஒருவன் தடுக்கி விழ, அவனுடைய மேல்வரிசை முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டதெனக் கொள்வோம். நாயர் பல் மருத்துவக் கல்லூரி மும்பை சென்ட்ரலில் உள்ளது. அங்குச் சென்று சேர்வதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடக் கூடும். பல்லின் விதியோ அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இதன் காரணம் யாவரும் அறியத்தக்கது. வேரைப் போர்த்திருக்கும் மெல்லிய நார்ப்படலத்திலுள்ள உயிரணுக்களே பல்லை எலும்புடன் மீண்டும் பிணைப்பவை. காற்றில் 30 நிமிடம் உலர்ந்தால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்துவிடும். அதன்பின் பொருத்தப்பெறும் பல்லின் வேர் நாளடைவில் கரைந்து, அவ்விடத்தில் எலும்பு வளரும்.

பல் மருத்துவர்களிடத்தும் இதுபற்றிய அறிவு நிறைவாக இல்லையென்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாடும் இதற்கு விலக்கன்று. இஃது அவர்களைப் பழிப்பதற்காகக் கூறியதன்று. அன்றாடம் அவர்களிடம் வருவன சொத்தைப் பற்களே. விழுந்த பல் அரிதாகவே வருகிறது. கல்லூரியில் கற்றது மறக்கிறது, முறைகளும் மாறுகின்றன. வேரைச் சுரண்டுவதும், பல்லைச் சற்றும் அசையாதவாறு நெடுநாள் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு பயப்பன. சிறிது அசைய இடந்தரும் கட்டினை இரண்டு வாரம் இடுக என்றும், வேர் முற்றிய பல்லாயின் அவ்விரு வாரத்துக்குள் வேர்ச் சிகிச்சையைத் தொடங்குக என்றும் பன்னாட்டுப் பற்காயவியல் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. தொழிற்பதிவைப் புதுப்பிக்கும் பல் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் இதில் மறுபயிற்சி கட்டாயமாக்கப்பெறல் வேண்டுமென்பது எமது கருத்து.

ஆயினும், சிறந்த மருத்துவரும் இறந்த உயிரணுக்களை எழுப்பவல்லர் அல்லர். ஆகவே முதற் கடமை ஆசிரியருடையது. விழுந்தது பாற்பல்லாயின் அதனைத் திரும்பப் பொருத்தலாகாது. நிலைப்பல்லாயின் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருப்பின் பாலிலோ உப்புநீர்க் கரைசலிலோ மென்மையாக அலசி, உடனே பற்குழியிற் பொருத்தி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்க. அஃது இயலாதாயின் பாலில் இட்டு, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. தேய்த்துக் கழுவுதலும் காகிதத்தில் சுற்றி வைத்தலும் கூடா.

அண்மையிலுள்ள எந்தப் பல் மருத்துவர் இச்சிகிச்சை செய்வார் என்பதனைப் பள்ளிகளும் களப்பணியாளரும் முன்னரே கேட்டறிந்து சுவரில் எழுதி வைத்தல் நன்று. மான்குர்த்தில் ஒரு தேநீர்க் கடையேனும் இல்லாத தெரு அரிது. அங்கே பாலும் உண்டு. வேண்டுவது அறிவு ஒன்றே.