பழைய மாணவர் பெயர் தாங்கிய மருந்து

குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் என்னும் மருந்தை அன்பர் பலர் அறிவர். இம்மலரைப் புரட்டும் மூத்தோருட் சிலர் அதனை நாடோறும் உண்பவராகவுமிருத்தல் கூடும். அப்பெயர் வந்த வழியை அறிந்தோர் சிலரே. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பழைய மாணவர் ஒன்பதின்மர் 1925இல் தலைக்கு 100 டொலர் இட்டு ஓர் ஆராய்ச்சி நிதியத்தை நிறுவினர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே மருந்தின் பெயருக்கு முற்பகுதியாயின. பழுதுற்ற தீவனந் தின்ற மாடுகள் குருதி உறையாது இறந்தமைக்குக் காரணந் தேடிய பேராசிரியர் கார்ல் லிங்கின் ஆய்வுக்கு அந்நிதியம் துணைநின்றது. 1948இல் எலிநஞ்சாக வெளிவந்த பொருள், 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று.

நஞ்சும் மருந்தும் ஒன்றேயாதலின் அளவே இங்கு உயிர்நாடி. குறைந்தாற் குருதி கட்டிபடும்; மிகுந்தாற் கசிந்து பெருகும். மருத்துவமனைகளில் வழக்கமாக அளப்பதோ குருதி உறையும் நேரத்தையே, மருந்தினையன்று. குருதி விரைந்து உறையுமாயின், நோயாளி மருந்தை மறந்தாரா, உயிர்ச்சத்து 'கே' நிறைந்த கீரையை மிகுதியாக உண்டாரா என்பதை அச்சோதனை சொல்லாது. எம் வீடுகளிற் கீரைக்குப் பஞ்சமில்லையன்றோ!

இவ்விடத்தே துணைவரத்தக்கன ஒளியியல் இரசாயன உணரிகள். வார்பரின் மீது புறவூதாக் கதிர் பட்டால் அது தானே ஒளி உமிழும். நீரில் அவ்வொளி மங்கலானது; அல்புமின் என்னும் புரதத்தோடு பிணைந்ததும் மிகப் பிரகாசிக்கும். அவ்வொளியை அளந்தால் மருந்தை அளந்ததாகும். ஊசிவழி ஏற்றும் ஹெப்பரினுக்கு வேறு வழியுண்டு: தொலுயிடீன் நீலச் சாயம் அதனைச் சேர்ந்ததும் ஊதாநிறங் கொள்ளும். குருதியில் ஒளிரும் பொருள் வேறும் உளவாதலின் வேலை எளிதன்று, ஆராய்வார்க்கு இடமுண்டு.

அவ்வாராய்வார் எம் கல்லூரியிலிருந்து ஏன் தோன்றலாகாது? யூபிலி வந்தால் அலங்கார வளைவும் மணிக்கூண்டும் எழுப்புதல் எம்மவர் வழக்கம். அவை வேண்டாவென்பதன்று எம் கருத்து. ஆயினும் இம்முறை சேரும் நிதியின் முதற்பங்கு ஆய்வுகூடத்துக்கே செல்லல் வேண்டும். ஒரு புறவூதா விளக்கு, நிறவடி, ஒளியுணர் கலம் ஆகியவற்றைக்கொண்டு மேல்வகுப்பு மாணவரே எளியதோர் ஒளிமானியை அமைத்து, அமிலத்திற் கரைத்த கொயினாவின் நீலவொளியை அளந்து பழகலாம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என்பாருமுளர். ஒன்பது பழைய மாணவர் கதையைச் சொல்லுதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டுவதில்லை. நிதிக்குழுவினர் அடுத்து கூடும்போது, வளைவின் படத்தை விரிக்குமுன் ஆய்வுகூடத்தை ஒருமுறை சென்று பார்ப்பாராக.