அறிக்கைகளை வாசிக்க ஓர் ஆணைக்குழு

2021 ஜனவரியில் இலங்கை அரசாங்கம் நியமித்த மூவர் ஆணைக்குழுவின் வேலை இதுதான். முன்னைய ஆணைக்குழுக்களின் அறிக்கைகளை வாசித்து, எவை நிறைவேறின, எவை கிடப்பில் கிடக்கின்றன என்று இன்னோர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. தவணை ஆறு மாதமாக இருந்தது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் ஜெனீவா அமர்வு நெருங்கிய வேளையில் இந்த ஞானம் ஏன் பிறந்தது என்று எவரும் கேட்கத் தேவையில்லை.

அந்தத் தவணையில் பாதி கழியுமுன் மன்னாரின் முன்னாள் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை காலமாகிவிட்டார். நெடுந்தீவில் பிறந்து, 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தை வழிநடத்தியவர். போரின் நடுவில் மடுத் திருத்தலத்துக்காக இரு தரப்போடும் வாதாடியவர். தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றபோதெல்லாம் ஒரு மேசையில் இருத்தப் பாடுபட்டவர். ஆயருக்கு அரசியல் எதற்கு என்றார்கள், புலி முத்திரை குத்தினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. நாம் பேசவேண்டியது ஒரே ஒரு கழித்தல் கணக்கு.

2011 ஜனவரி 8ஆம் திகதி, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது ஆண்டகை அதை எழுத்தில் கொடுத்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்களாக ஐ.நா. அலுவலகம் காட்டியது 282,380 பேர். மீதி 146,679. இந்த மக்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

முதல் எண் அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரியுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். அரச உத்தியோகத்தர் எடுத்த கணக்கு அது. தவறென்றால் தவறை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஒரே குடும்பம் இரண்டு இடங்களில் பதியப்பட்டதா? கடல்வழியாக இந்தியா போனவர்கள் எத்தனை பேர்? முகாமுக்கு வராமல் உறவினர் வீடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? கிராம சேவகர் பிரிவு பிரிவாக எடுத்துப் பார்த்திருந்தால் அந்த எண் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். அப்படியேனும் ஒரு விடை கிடைத்திருக்கும். பத்து ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கணக்குக்கு விடை கிடைக்கவில்லை.

ஆனால் 2012இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் ஆண்டகையிடம் போனார்கள், அந்தக் கணக்கைப் பற்றி அவரையே விசாரிக்க! ஆட்கள் எங்கே என்று கேட்டவரிடம் எண் எங்கே கிடைத்தது என்று கேட்கிற துணிச்சல் வேறெந்த நாட்டில் வரும்?

எண்களோடு ஆட்சியாளர்களுக்கு என்றைக்கும் ஒத்துவந்ததில்லை. 2009 தொடக்கத்தில் போர்முனைக்குள் சிக்கியிருப்பவர்கள் எழுபதாயிரம் பேர்தான் என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் யார்? அந்த எழுபதாயிரத்தைக் காட்டித்தானே உணவுக்கும் மருந்துக்கும் அளவு வைத்தார்கள்? பிறகு வெளியே வந்தவர்கள் 280,000க்கும் மேல். அந்த வித்தியாசத்துக்கு எவரும் பதவி இழக்கவில்லை. பசியிலும் மருந்தின்றியும் செத்தவர்களுக்கு எவரும் பதில் சொல்லவில்லை.

ஆணைக்குழுக்களின் கதையும் இதுதான். 2006இல் திருகோணமலையில் ஐந்து மாணவர், மூதூரில் பதினேழு தொண்டு நிறுவனப் பணியாளர் கொலை உட்படப் பதினாறு சம்பவங்களை விசாரிக்க ஒன்றை அமைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த வெளிநாட்டு நிபுணர்கள் 2008இல் நம்பிக்கையிழந்து பெட்டி கட்டினார்கள். மறு ஆண்டு ஆணைக்குழுவும் வேலை முடியுமுன் கலைந்தது. அறிக்கை வெளிச்சத்துக்கு வர 2015 ஆயிற்று. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் விசாரணை அறிக்கைக்கு நேர்ந்ததையும் 2021இல் பார்த்தோம்: அறிக்கை கைக்கு வந்ததும் அதை ஆராய ஆறு அமைச்சர்கள் கொண்ட குழு! கொழும்பில் ஆலயங்கள் நீதி கேட்டுக் கறுப்பு ஞாயிறு அனுட்டித்த பின்னும் ஆட்சியாளர்களுக்கு உறைக்கவில்லை. தெற்கின் கத்தோலிக்கருக்கே இந்த மரியாதை என்றால், வீதியோரக் கொட்டகைகளில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு குந்தியிருக்கும் வடக்கின் தாய்மாரை யார் ஏறிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று 2020இல் ஐ.நா. பிரதிநிதியிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்கள். யார், எங்கே, எப்போது, யார் கையால் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. இறந்தது அவ்வளவு நிச்சயமாகத் தெரியுமென்றால் விவரமும் தெரிந்திருக்க வேண்டுமே!

பாதிக்கப்பட்டவர் நம்பி வாய் திறக்கக்கூடிய ஒரு விசாரணை வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பே அதன் ஆட்களை நியமிக்கக் கூடாது. அது எந்த வடிவில் அமைய வேண்டுமென்பதைப் பேசி முடிவெடுக்கலாம், மனம் இருந்தால்.

மூவர் ஆணைக்குழு பழைய ஏடுகளைப் புரட்டியபோது மன்னார் அமர்வின் பதிவும் கைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கச்சேரிகளுக்கும் ஒவ்வொரு கடிதம் எழுதி அந்தப் பதிவேடுகளைக் கேட்டிருந்தால் தபால் செலவோடு வேலை தொடங்கியிருக்கும். அதுவும் முடியாமற்போனதென்றால், இவர்களது அறிக்கையை வாசிக்க அடுத்த மூவரைத் தேடத் தொடங்கலாம்.